பெட்டி கொடுத்தவரும் பணம் கொடுத்தவரும்

லண்டன் டேட் கலைக்கூடத்துக்கு 1990இல் ஒரு புதிய கொடையாளர் கிடைத்தார். பெயர் ஜான் ட்ரூ. இயற்பியல் அறிஞர் என்று சொல்லிக்கொண்டார். தோரணையும் பேச்சும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தன. பிரெஞ்சு ஓவியர் ரோஜே பிஸ்ஸியேரின் ஓவியங்கள் இரண்டைத் தர முன்வந்தார். பிறகு அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, டேட்டின் ஆவணக்காப்பகத்துக்கு 20,000 பவுண்டு கொடுத்தார். காப்பகத்துக்கு என்று ஒருவர் தானாக வந்து பணம் தருவது அபூர்வம். ஓவியம் வாங்கத் தருவார்கள், கூடம் கட்டத் தருவார்கள். பழைய கடிதங்களை ஒழுங்குபடுத்தத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் எந்த நிர்வாகியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லத்தான் செய்வார். ட்ரூவுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. வாசக அறையில் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஜான் மையாட் என்ற ஓவியர் அப்போது சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்டில் வழவழப்பான ஜெல்லியைக் கலந்து பென் நிக்கல்சன், ஜியாகோமெட்டி போன்றவர்களின் பாணியில் போலிகள் வரைந்து ட்ரூவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த பிஸ்ஸியேர் ஓவியங்களும் போலிகளே. போலியை நல்ல விலைக்கு விற்க வேண்டுமானால் அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி வந்தது என்ற வரலாறு வேண்டும். அந்த வரலாறு காப்பகத்தில்தான் இருக்கிறது. ட்ரூ 1950களின் கண்காட்சிப் பட்டியல்களைத் தேடிப் பிடித்தார். பழைய தாளில், பழைய தட்டச்சு இயந்திரத்தில் புதிய பக்கங்களைத் தயாரித்தார். மையாட்டின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, மூடப்பட்டுவிட்ட காட்சிக்கூடங்களின் ஆவணங்களுக்கு நடுவே செருகினார். ஓவியத்தை வாங்குபவர் சந்தேகப்பட்டால் நேரே காப்பகத்துக்குப் போய் விசாரிப்பார். அங்கே படம் இருக்கும். சந்தேகம் தீர்ந்துவிடும். பாரிஸில் ஜியாகோமெட்டி சங்கத்தில் இருந்த மேரி லிசா பாமர் போன்ற சிலர் மட்டும் விடாப்பிடியாக நம்ப மறுத்தார்கள். 1995இல் மையாட் பிடிபட்டார். 1999இல் ட்ரூவுக்கு ஆறு ஆண்டு, மையாட்டுக்கு ஓர் ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சுமார் 200 போலிகள் சந்தைக்குப் போனதாகக் கணக்கு. பெரும்பகுதி திரும்பவில்லை.

ஓவியச் சந்தையின் மோசடிக் கதையாகவே இதை எழுதிவருகிறார்கள். கலைக் காப்பகங்களுக்கு நிதி திரட்டுபவர்கள் இதைத் தங்கள் தொழிலின் கதையாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போலியைக் கண்டறிவது ஓவிய நிபுணர் வேலை. காப்பகத்துக்குள் ட்ரூவை ‘நம்ம ஆள்’ ஆக்கியது நன்கொடை.

அருங்காட்சியகத்துக்குப் பணம் தருபவருக்குத் திருப்பித் தர அதனிடம் ஏதாவது இருக்கிறது. ஒரு கூடத்துக்குப் பெயர் வைக்கலாம், சுவரில் கல் பதிக்கலாம், திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார வைக்கலாம். நம் ஊர்க் கோயில்களில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் தொங்கும் டியூப்லைட் அளவுக்காவது ஓர் இடம் இருக்கும். காப்பகத்தில் இருப்பது குளிரூட்டிய அறை, சாம்பல் நிறப் பெட்டிகள், துருப்பிடித்த குண்டூசியைக் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர். இதில் கல் பதிக்க இடமில்லை. எனவே கொடையாளருக்குக் காப்பகம் திருப்பித் தருவது பெரும்பாலும் நெருக்கம்தான்: மற்றவர் பார்க்காத பெட்டியைத் திறந்து காட்டுவது, பெரிய ஓவியர் ஒருவரின் கையெழுத்தை அருகில் வைத்துக் காண்பிப்பது, ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்’ என்பது. இந்த நெருக்கத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் நிதி திரட்டும் துறையின் தலைவருக்கு முதல் கேள்வி. எவ்வளவு பணம் கேட்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. காப்பகத்துக்கு இரண்டு வகைக் கொடையாளர்கள் உண்டு. ஒருவர் பணம் தருகிறார். இன்னொருவர் தன்னுடைய அல்லது தன் குடும்பத்தினுடைய தாள்களைப் பெட்டிபெட்டியாகத் தருகிறார். கலை உலகம் சிறியது. பல நேரங்களில் இந்த இருவரும் ஒருவரே.

அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகத்தின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 1954இல் டெட்ராய்ட் கலை நிறுவன இயக்குநர் எட்கர் ரிச்சர்ட்சனும், லாரன்ஸ் ஃபிளைஷ்மன் என்ற இளம் வியாபாரியும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். ரிச்சர்ட்சன் வரலாற்றாசிரியர். அமெரிக்க ஓவியர்களின் தாள்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பது அவருக்குத் தொல்லை. ஃபிளைஷ்மன் அமெரிக்க ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பவர். அவருக்கும் அந்த வரலாறு வேண்டும், ஆனால் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். யாரும் எழுதாத ஓவியருக்கு விலை ஏறாது. மூலத் தாள்களை வாங்கப் பணமில்லாததால் மற்ற நிறுவனங்களில் இருந்தவற்றை மைக்ரோஃபிலிமில் எடுக்கத் தொடங்கினார்கள். தொடக்க காலத்தில் நிதிக்கு அவர்கள் பிடித்த வழிகளில் ஒன்று சுவாரசியமானது. விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து உறுப்பினர்களை ஐரோப்பியக் கலைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனார்கள். லாபம் காப்பகத்துக்கு. ஆவணம் என்றால் கொட்டாவி விடும் செல்வந்தர்களும் மைக்கேலாஞ்சலோவைப் பார்க்க மகிழ்ச்சியாகப் பணம் கட்டுவார்கள் என்பதை அந்த நிர்வாகிகள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

1966இல் ஃபிளைஷ்மன் நியூயார்க் போய் கென்னடி காலரீஸ் என்ற ஓவிய விற்பனைக் கூடத்தின் பங்குதாரர் ஆனார். அமெரிக்க ஓவியத்தின் முக்கிய வியாபாரிகளில் ஒருவராக விளங்கினார். இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் காப்பகத்தை வளர்த்தவர், அதற்குப் பணம் தேடியவர், அதன் ஆவணங்களால் மதிப்புக் கூடும் பொருளை விற்றவர் மூவரும் ஒரே மனிதர் என்பதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது. இப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாவிட்டால் கலைக் காப்பகம் என்ற ஒன்றே பிறந்திருக்காது. அவர்களைத் தள்ளிவைக்கவும் முடியாது, அவர்கள் கையில் ஆவணத்தை ஒப்படைக்கவும் முடியாது.

1970இல் அந்தக் காப்பகம் அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு இணைந்தது. அரசுப் பணம் ஒரு பங்குச் செலவைத் தாங்கியது. மீதிக்குத் தனியார் கொடையைத் தேடும் வேலை இன்றும் தொடர்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன் வந்த 1969ஆம் ஆண்டு வரிச் சட்டம் பெட்டி கொடுப்பவர்களின் உலகையே மாற்றிவிட்டது. அதுவரை ஓர் ஓவியர் தன் ஓவியத்தையோ தாள்களையோ பொது நிறுவனத்துக்குக் கொடுத்தால் சந்தை விலையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய சட்டப்படி, தானே உருவாக்கியதைக் கொடுப்பவர் மூலப்பொருளின் செலவை மட்டும்தான் கழிக்க முடியும். கேன்வாஸ், பெயின்ட், தாள், மை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு ஓவியர்களே தந்த கொடைகள், சட்டத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளில் 321, பிந்தைய மூன்றாண்டுகளில் 28 என்று அமெரிக்கக் காங்கிரஸ் விவாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்கள். (அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ரிச்சர்ட் நிக்சன், தன் பழைய தாள்களை அரசுக் காப்பகத்துக்குக் கொடுத்து ஐந்தே முக்கால் லட்சம் டாலருக்கு மேல் கழிவு கேட்டிருந்தார். சலுகை முடிவதற்கு முன்பே கொடுத்ததாகக் காட்டப் பத்திரத்தில் தேதியை முன்தள்ளிப் போட்டது பின்னால் அம்பலமானது.)

ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பவர் தந்தால் சந்தை விலைக்குக் கழிவு. ஓவியர் இறந்தபின் வாரிசு தந்தாலும் அப்படியே. உயிரோடு இருக்கும் ஓவியருக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆகவே காப்பகத்தின் நட்பு ஓவியரோடு தொடங்கினாலும் கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் மனைவியோ மகனோதான். நிதி திரட்டுபவரின் பதவிப் பெயரில் ‘கொடையாளர் உறவு’ என்று இருப்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: இருபது வருடம் ஒரு குடும்பத்தின் பிறந்தநாள், கல்யாணம், இழவு எதையும் தவறவிடாமல் இருப்பது, எந்தக் கடிதத்தைப் பேத்தி வெளியில் விட விரும்பவில்லை என்று அறிந்திருப்பது, கேட்க வேண்டிய மாதம் எது, கேட்கக் கூடாத மாதம் எது என்று தெரிந்திருப்பது.

ஹாங்காங்கில் 2000ஆம் ஆண்டு கிளேர் ஷு தொடங்கிய ஆசியக் கலை ஆவணக்காப்பகம் வேறு வழியில் போனது. பல சந்தர்ப்பங்களில் அது மூலத் தாள்களைக் கேட்பதில்லை. டிஜிட்டல் பிரதி எடுத்துக்கொண்டு உரியவரிடமே விட்டுவிடுகிறது. டெல்லியில் கீதா கபூர், விவான் சுந்தரம் இருவரின் சேகரிப்பை அப்படித்தான் பிரதியெடுத்து இணையத்தில் வைத்தது. பெட்டி கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை என்பதால் கொடையின் மனத்தடை பாதி குறைந்துவிடுகிறது. 1980களின் சீன சமகாலக் கலை பற்றிய அதன் பெரிய ஆவணத் திட்டத்துக்கு ராபர்ட் ஹோ குடும்ப அறக்கட்டளை துணைநின்றது. ஆனால் அன்றாடச் செலவுக்குப் பணம்? அதற்காக ஓவியர்களும் காட்சிக்கூடங்களும் இனாமாகத் தரும் படைப்புகளை ஏலம் விட்டு விருந்து நடத்தி நிதி சேர்த்துவந்தது. ஆசியக் கலைச் சந்தை ஏறுமுகத்தில் இருந்த காலத்தில் ஹாங்காங்கில் இதைவிடக் கைகொடுக்கும் வழி கிடையாது.

இந்த வழியில் எனக்குத் தயக்கம் உண்டு. யாருடைய வரலாற்றை எழுதுகிறோமோ அவர்களுடைய படைப்பை விற்று அந்த வரலாற்றை எழுதும் செலவை ஈடுகட்டுகிறோம். ஏலத்துக்குப் படம் தராத ஓவியரின் கோப்பு மெலிந்துவிடுமா என்று கேட்டால் ‘இல்லை’ என்று எந்தக் காப்பாளரும் நேர்மையாகவே சொல்வார். ஆனால் படம் தர வசதியுள்ளவர் யார்? ஏற்கெனவே விலை போகிறவர். கூடத்தின் ஆதரவு இல்லாதவர், ஊரில் இருந்துகொண்டு வரைந்தவர், இறந்துபோனவர் ஆகியோர் அந்த விருந்து மேசைக்கு வருவதில்லை. இவர்களுக்காகப் பேச வேண்டியவர் காப்பாளர். நிதித் துறைத் தலைவர் அவர் வாயை அடைக்காமல் இருந்தாலே பெரிய காரியம்.

பெட்டி கொடுத்தவரோடு உறவு முறிவதற்கும் டேட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் அண்டைவீட்டு நண்பர் பாரி ஜூல், பேக்கன் தன்னிடம் ஒப்படைத்ததாகச் சொன்ன ஓவியக் குறிப்புகள், கிறுக்கிய புகைப்படங்கள் என்று சுமார் 1,200 உருப்படிகளை 2004இல் டேட் காப்பகத்துக்குக் கொடுத்தார். அன்று அது மாபெரும் கொடையாகப் பேசப்பட்டது. பின்னால் ஜூல், தன் கொடையைச் சரியாகக் காட்சிக்கு வைக்கவில்லை என்று குறைபட்டுத் திரும்பக் கேட்கப்போவதாக அறிவித்தார். டேட்டோ, அந்தத் தாள்களின் தன்மை பற்றி ஆய்வில் சந்தேகம் எழுந்துள்ளதாகச் சொல்லி 2022இல் அவற்றைத் தன் தொகுப்பிலிருந்து விலக்கியது. பதினெட்டு வருடம் கழித்து இருதரப்புக்கும் கசப்பு. பெட்டி உள்ளே வரும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: காட்சிக்கு வைப்பதாக வாக்குத் தருகிறோமா இல்லையா, சோதித்துப் பார்க்கும் உரிமை யாருக்கு, முடிவு கொடையாளருக்குப் பிடிக்காததாக வந்தால் என்ன. வாங்கும் மகிழ்ச்சியில் இருக்கும் நிறுவனம் இந்தப் பேச்சை எடுக்கக் கூசுகிறது. கூசாமல் எடுக்க ஆள் வேண்டும்.

தன் கொடையாளர் பற்றிய தாள்களை டேட் எப்படி நடத்தியது என்பது தனிக் கதை. எண்ணெய் நிறுவனம் பிபி தனக்கு எவ்வளவு தந்தது என்று சொல்ல அது மறுத்தது. தகவல் உரிமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், 2015 ஜனவரியில் கணக்கு வெளிவந்தது: 1990 முதல் 2006 வரை மொத்தம் 38 லட்சம் பவுண்டு, ஆண்டுக்குச் சராசரியாக இரண்டே கால் லட்சம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது அற்பத் தொகை என்று விமர்சகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மற்றவர்களின் அந்தரங்கக் கடிதங்களைச் சேகரித்துத் திறந்து வைக்கும் நிறுவனம் தன் கூட்டக் குறிப்புகளில் கறுப்பு மை பூசிக் கொடுத்ததைப் பார்க்கும்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

எதற்குப் பணம் கேட்பது என்பதில் ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. டிஜிட்டலாக்கத்துக்குப் பணம் கிடைக்கும். இத்தனை ஆயிரம் பக்கம், இந்தத் தேதிக்குள் இணையத்தில் என்று எண்ணிக் காட்டலாம். டேட் காப்பகத்தின் 52,000 உருப்படிகளை இணையத்தில் ஏற்றும் திட்டத்துக்கு பிரிட்டனின் பாரம்பரிய லாட்டரி நிதியம் துணைநின்றது அந்த வகை. ஆனால் ஸ்கேனருக்குக் கீழே தாள் போவதற்கு முன் ஒருவர் அதைப் படித்து, யார் யாருக்கு எப்போது எழுதியது என்று கண்டுபிடித்து, உறையிலிட்டு, எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டும். அந்த வேலைக்குக் கொடையாளர் அகப்படுவதில்லை. டெரா அமெரிக்கக் கலை அறக்கட்டளை 2005இல் அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகத்துக்குத் தந்த 36 லட்சம் டாலர் இந்த விஷயத்தில் முன்மாதிரி என்பேன். நல்ல கடிதங்களாகப் பொறுக்கி எடுத்து அழகாகக் காட்டுவதற்குப் பதில், முழுத் தொகுப்பையும் பெட்டி, உறை வரிசை கலையாமல் பட்டியலோடு சேர்த்து இணையத்தில் வைக்க அந்தப் பணம் பயன்பட்டது. பட்டியல் இல்லாமல் அப்படிச் செய்யவே முடியாது. பட்டியலிடும் செலவை டிஜிட்டல் திட்டத்தின் வயிற்றுக்குள் வைத்துக் கேட்டவர் கெட்டிக்காரர்.

நம் ஊரில் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குச் சட்டமே இடைஞ்சல். வெளிநாட்டு நிதி வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பட்டியலாளரின் சம்பளம் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்று ஆடிட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புக் கணக்கில் செலவிட வேண்டும். கலையும் பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் ஆண்டறிக்கையில் போட அவர்களுக்குப் புகைப்படம் வேண்டும். பள்ளிக் கழிப்பறையைப் படமெடுப்பது போல அமில நீக்கம் செய்த உறையைப் படமெடுக்க முடியாது. தனிமனிதர்களுக்குக் காட்டிவந்த ஒரே தூண்டில் வரிக் கழிவு தரும் 80ஜி ரசீது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவும் கிடையாது.

இதற்குள்தான் தமிழ்நாட்டுக் காப்பகங்கள் இயங்குகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்து 1994இல் நூலகமாக்கியது. வாங்கியவர் பொருளை எடுத்துப்போகாமல் இருந்தது கொடையின் வரலாற்றில் பெரிய விஷயம். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டமும், ஆர்க்கேடியா நிதியத்தின் பணத்தில், இதே விதியை வைத்திருக்கிறது: மூலம் அந்த நாட்டை விட்டு நகரக் கூடாது, பிரதி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களைப் பிரதியெடுத்தது அந்தத் திட்டத்தில்தான். கண்ணாடி நெகடிவ்களைப் பரணில் போட்டு வைத்திருந்த ஸ்டூடியோக் குடும்பங்கள்தான் அங்கே பெட்டி கொடுத்தவர்கள். ஆனால் இவையெல்லாம் திட்ட நிதிகள். திட்டம் முடிந்ததும் ஸ்கேனர் நிற்கும், ஆள் போய்விடுவார், ஹார்டு டிஸ்க் வயசாகும்.

ஒரு பட்டியலாளர் பதவியை நிரந்தரமாக்க எவ்வளவு வேண்டும்? சம்பளம், மேசை, மின்சாரம், உறை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூலதனத்தைத் தொடாமல் ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் எடுத்தால் 3 கோடி ரூபாய் கார்ப்பஸ் வேண்டும். தமிழர்கள் அவ்வளவு தருவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் 2018க்குள் 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் தமிழ்நாடு அரசின் பங்கு 10 கோடி ரூபாய். அதுவும் இதே வகைக் கொடைதான்: ஒரு பதவிக்குக் காலாகாலத்துக்கும் சம்பளம். ஆகவே மூலதன நிதி என்பது நம் கொடையாளர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை, ஆனால் ஹார்வர்டு என்ற பெயர் கேட்கும் வேலையைச் சுலபமாக்கியது. அன்றைய மாற்று விலையில் அந்த 60 லட்சம் டாலர் சுமார் 39 கோடி ரூபாய். சென்னையிலோ புதுச்சேரியிலோ அது 13 பட்டியலாளர்களின் நிரந்தரச் சம்பளம்.